மொட்டை டிரில் பிட்டுக்கு மறுவாழ்வு: வீட்டில் சாணை பிடிக்க ஒரு பாடம்

நம் வீடுகளில் ஆணி, திருகு, பழைய பூட்டு எல்லாம் போட்டு வைக்கும் டப்பா ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் அடியைக் கிளறினால் மழுங்கிப்போன டிரில் பிட் நாலைந்தாவது அகப்படும். "இது போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று ஒதுக்கியவை. ஆனாலும் தூக்கி எறிய மனம் வராமல் கிடப்பவை. அவற்றில் பெரும்பாலானவை உண்மையில் போய்விடவில்லை. நுனியில் அரை மில்லிமீட்டர் அளவு உலோகத்தைச் சரியான கோணத்தில் தேய்த்தெடுத்தால், வாங்கிய நாளில் வெட்டியது போலவே வெட்டும். அதை வீட்டிலேயே சாணை இயந்திரத்தில் செய்வது எப்படி என்பதே இந்தக் கட்டுரை.

தாணே-பேலாப்பூர் சாலையில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த நாளில் பிட்டைக் கையால் பிடித்துச் சாணைக்கல்லில் காட்டித் தேய்க்கப் பழகவே பல மாதங்கள் ஆகும். 'தார் லகானா' என்று இங்கே சொல்லும் இந்த வேலை தெரிந்தவருக்குப் பட்டறையில் தனி மரியாதை உண்டு. இன்று வீட்டுக்கென்றே சிறிய சாணை இயந்திரங்கள் வந்துவிட்டன. வாங்கிய அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இயந்திரத்தில் போட்டுத்தான் எடுத்தேன், நுனி பளபளவென்று இருக்கிறது, ஆனால் இரும்பில் இறங்கவில்லையே, ஏன்?"

பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயந்திரம் கோணத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கோணம் இந்தப் பிட்டில் சரியாக விழுந்ததா என்று அதற்குத் தெரியாது. அதைப் பார்க்க வேண்டியது நம் கண். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் விலை குறைந்த இயந்திரமும் நல்ல வேலை செய்யும்.

பிட் வந்த கதை

இன்று நாம் பயன்படுத்தும் முறுக்குப் பிட்டுக்கு 1863-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் உலோகத்தைத் துளையிடத் தட்டையான நுனி கொண்ட பிட்டுகளே பெரும்பாலும் பயன்பட்டன. அவை உலோகத்தை வெட்டுவதைவிடச் சுரண்டின என்றே சொல்லலாம். துகளும் துளைக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். மோர்ஸின் பிட்டில் சுற்றி ஏறும் இரண்டு பள்ளங்கள் துகளை வெளியே தள்ளின. லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் 'மோர்ஸ் டேப்பர்' என்று சொல்கிறோமே, அது அவர் பெயர்தான்.

அடுத்த பெரிய மாற்றம் எஃகில் வந்தது. எஃப். டபிள்யூ. டெய்லர், மான்செல் வொயிட் ஆகிய இருவரும் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஆராய்ந்து கண்ட அதிவேக எஃகு 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் காட்டப்பட்டது. சாதாரணக் கார்பன் எஃகு 200, 250 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே கடினத்தன்மையை இழக்கத் தொடங்கும். அதிவேக எஃகு 600 டிகிரி வரை தாங்கும். இன்று தண்டில் 'எச்.எஸ்.எஸ்.' என்று பொறித்த பிட்டுகள் இந்த வகையைச் சேர்ந்தவை. சென்னை அடிசன் உட்பட நம் நாட்டு நிறுவனங்களே தரமானவற்றைச் செய்கின்றன. இரும்பைத் துளைக்கும் எச்.எஸ்.எஸ். பிட்டைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். சுவரில் ஓட்டை போடும் பிட்டின் நுனியில் கார்பைடு துண்டு பற்றவைத்திருக்கும். அதைச் சாதாரணச் சாணைக்கல் தேய்க்காது. வைரச் சக்கரமோ பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல்லோ வேண்டும்.

நுனியில் பார்க்க வேண்டிய மூன்று

பிட்டின் நுனியை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். இரண்டு வெட்டும் விளிம்புகள் தெரியும். அவை நடுவில் சந்திக்கும் இடத்தில் உளி போன்ற ஒரு சிறு கோடு இருக்கும். ஒவ்வொரு விளிம்புக்கும் பின்னால் சரிந்து போகும் பரப்பை இந்தக் கட்டுரையில் 'முதுகு' என்று சொல்கிறேன்.

முதலாவது, நுனிக்கோணம். இரண்டு விளிம்புகளுக்கும் இடைப்பட்ட கோணம் பொது வேலைக்கு 118 டிகிரி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்ற கடினமான உலோகங்களுக்கு 135 டிகிரி நல்லது. அளக்கக் கருவி இல்லையென்றால் ஓர் எளிய வழி உண்டு. இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் ஒட்டி வையுங்கள். அவற்றுக்கு இடையே விழும் பள்ளம் 120 டிகிரி. 118-க்கு அதுவே போதுமான அளவுகோல்.

இரண்டாவது, சமம். இரண்டு விளிம்புகளும் ஒரே நீளமாகவும் ஒரே சரிவாகவும் இருக்க வேண்டும். ஒன்று நீண்டுவிட்டால் நுனியின் நடுப்புள்ளி ஒதுங்கிவிடும். அப்போது 6 மி.மீ. பிட் ஆறரை மி.மீ. துளை போடும், ஒரே விளிம்பு முழுப் பாரத்தையும் தாங்கிச் சீக்கிரம் மழுங்கும்.

மூன்றாவது, முதுகுச் சரிவு. பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. பிட் சுற்றும்போதே கீழேயும் இறங்குகிறது. ஆகவே விளிம்புக்குப் பின்னாலுள்ள முதுகு விளிம்பைவிடத் தாழ்ந்து போக வேண்டும். 8 முதல் 12 டிகிரி வரை. முதுகு விளிம்பின் உயரத்துக்கே இருந்தால் அது இரும்பின் மேல் முக்காலி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். விளிம்பு இரும்பைத் தொடவே தொடாது. எவ்வளவு அமுக்கினாலும் சூடும் சத்தமும்தான் மிஞ்சும். பளபளப்பான நுனியும் வெட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. சரிவு அளவுக்கு மீறினாலும் கெடுதிதான். விளிம்புக்குப் பின்னால் தாங்க உலோகம் இல்லாமல் அது சில்லுச் சில்லாக உடையும்.

சரிவைக் கண்ணால் கண்டுபிடிக்க நடுவிலுள்ள உளிக்கோட்டைப் பாருங்கள். நுனியை நேராக நம் கண்ணுக்குக் காட்டினால் அந்தக் கோடு வெட்டும் விளிம்போடு 120 முதல் 135 டிகிரி வரை சாய்ந்து நிற்க வேண்டும். விளிம்புக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நின்றால் சரிவு போதவில்லை. 135-ஐத் தாண்டிப் படுத்துவிட்டால் சரிவு அதிகம். இந்த ஒரு கோடே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

மழுங்கியதற்கு அடையாளம்

நல்ல பிட் இரும்பில் இறங்கும்போது இரண்டு பள்ளங்களிலும் சுருள் சுருளாகத் துகள் வரும். சுருள் நின்று பொடியாகக் கொட்டினால் கூர் போய்விட்டது. ஒரு பள்ளத்தில் மட்டும் சுருள் வந்தால் விளிம்புகள் சமமில்லை. கீச்சென்ற சத்தம், புகை, தோளைக் கொடுத்து அமுக்க வேண்டிய நிலை இவையும் அடையாளங்களே. வெளிச்சத்தில் பார்க்கும்போது வெட்டும் விளிம்பில் வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கியிருக்கிறது. கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது.

பிட் மழுங்கப் பெரிய காரணம் வேகம். மைல்ட் ஸ்டீலில் எச்.எஸ்.எஸ். பிட்டின் வெட்டு வேகம் நிமிடத்துக்கு சுமார் 25 மீட்டர். அதன்படி 6 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 1,300 சுற்றும், 10 மி.மீ. பிட் 800 சுற்றும் சுற்றினால் போதும். வீட்டு டிரில் மெஷினோ முழு வேகத்தில் 2,500 சுற்றுக்கு மேல் ஓடும். 10 மி.மீ. பிட்டைப் போட்டு விசையை முழுதும் அழுத்தினால் அதன் வெளிமுனை மூன்று மடங்கு வேகத்தில் உரசிக் கருகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மேலே சொன்ன வேகத்தில் பாதி போதும். ஒரு சொட்டு எண்ணெயும் வேண்டும்.

மழுங்கிய பிட் காசு நஷ்டம் மட்டுமே என்று நினைக்க வேண்டாம். எங்கள் சொசைட்டிக்கு ஏ.சி. பொருத்த வரும் தம்பி ஒருவர் உண்டு. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், பிறந்து வளர்ந்தது தாராவி. ஒருநாள் ஐந்தாவது மாடி ஜன்னலுக்கு வெளியே ஒரு கையால் கிரில்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இரும்புச் சட்டத்தில் டிரில்லை வைத்து நெஞ்சோடு அமுக்கிக்கொண்டிருந்தார். புகை வந்ததே ஒழியத் துளை விழவில்லை. இறங்கி வரச் சொல்லிக் கேட்டேன்.

"புதுசு கேட்டா முதலாளி கூலியில பிடிச்சுக்கிடுவாரு அண்ணாச்சி. அதான் இதையே போட்டு ஓட்டுறேன்" என்றார்.

அப்படி முழு பலத்தோடு அமுக்கும்போது திடீரென்று துளை விழுந்தால், அல்லது பிட் முறிந்தால், அமுக்கிய உடம்பு முன்னால் சரியும். ஐந்தாவது மாடியில் அதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பையிலிருந்த ஆறு பிட்டுகளையும் வாங்கி அரை மணி நேரத்தில் சாணை பிடித்துக் கொடுத்தேன். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அவருக்கே கற்றுக்கொடுத்தேன். கூரான பிட் தானே இறங்கும், கையை அமுக்கச் சொல்லாது. பாதுகாப்பு என்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்த இயந்திரம்?

மும்பை நாக்தேவி தெரு, தில்லி ஜி.பி. ரோடு, பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோடு போன்ற கருவிக் கடைவீதிகளில் பார்த்தால் வீட்டு வேலைக்கு மூன்று வகை சொல்லலாம்.

ஒன்று, பெஞ்ச் கிரைண்டரும் அதன் பக்கத்தில் பொருத்தும் பிடிப்பானும். பிட்டை ஒரு பள்ளத்தில் படுக்கவைத்து, கையை வீசுவதுபோல் ஆட்டித் தேய்க்க வேண்டும். பெரிய பிட்டுக்கு நல்லது. பொருத்திச் சரிசெய்யப் பொறுமை வேண்டும்.

இரண்டு, மேலே அளவு வாரியாக ஓட்டைகள் உள்ள சிறிய பெட்டி. பிட்டை அதன் அளவு ஓட்டையில் செருகினால் உள்ளே சுழலும் கல் தேய்த்துவிடும். விலை குறைவு. கோணத்தை மாற்ற முடியாது. வீட்டுக்குத் தேவையான நடுத்தர அளவுகளுக்குப் போதும்.

மூன்று, பிட்டைத் தனிச் சக்கில் பிடித்து, அந்தச் சக்கையே இயந்திரத்தில் செருகி அரைச் சுற்று சுற்றித் தேய்க்கும் வகை. அமெரிக்காவின் 'டிரில் டாக்டர்' இந்த வகையில் பெயர் பெற்றது. 118, 135 என்று கோணத்தை மாற்றலாம். பெரும்பாலும் வைரத்தூள் பதித்த சக்கரம் இருக்கும். அடிக்கடி வேலை உள்ளவர்களுக்கு இது ஏற்றது.

செய்முறை

மூன்றாவது வகையை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றுக்கும் அடிப்படை இதுவே.

1. பிட்டைத் துடையுங்கள். எண்ணெயும் துகளும் இருந்தால் சக்கில் நேராக உட்காராது.

2. நுனி முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். இது மிக முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.

3. பழைய கோணம் 118-ஆ 135-ஆ என்று பார்த்து இயந்திரத்தை அதில் வையுங்கள். கோணத்தை மாற்றினால் வீணாக நிறைய உலோகம் போகும்.

4. பிட்டைச் சக்கில் தளர்வாகச் செருகி, இயந்திரத்தின் அளவுத் துவாரத்தில் வையுங்கள். உள்ளே இரண்டு நாக்குகள் இருக்கும். அவை பிட்டின் மிக ஒடுங்கிய இடத்தை, அதாவது இரு பள்ளங்களுக்கு இடைப்பட்ட நடுப்பகுதியை, கவ்வ வேண்டும். கவ்விய பிறகே சக்கை இறுக்குங்கள். பிட் சற்றே திரும்பி உட்கார்ந்தாலும் முதுகுச் சரிவு கெட்டுவிடும். இயந்திரம் இருந்தும் வெட்டாத பிட்டுகள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் கெடுகின்றன.

5. இயந்திரத்தை ஓடவிட்டு, சக்கைத் தேய்க்கும் துவாரத்தில் செருகி, மெதுவாக அரைச் சுற்றுச் சுற்றுங்கள். எடுத்து மறுபக்கம் திருப்பி அதேபோல் செய்யுங்கள். இந்தப் பக்கம் எத்தனை முறையோ அந்தப் பக்கமும் அத்தனை முறை. வாய்விட்டு எண்ணுங்கள். அமுக்கம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கட்டும்.

6. நாலைந்து முறை ஆனதும் எடுத்து மையைப் பாருங்கள். மை விளிம்பு வரை அழிந்திருந்தால் சரி. முதுகின் கடைசியில் மட்டும் அழிந்து விளிம்பில் மை மிச்சமிருந்தால் கல் இன்னும் விளிம்பை எட்டவில்லை. தொடர்ந்து தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் மிச்சமிருந்தால் பிட் நடுவில் பிடிக்கப்படவில்லை. நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

7. தேய்க்கும் சத்தம் குறைந்து ஏறக்குறைய நின்றுவிட்டால் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். விளிம்பில் வெள்ளைக் கோடு மறைந்ததா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

சூட்டைக் கவனியுங்கள். கார்பன் எஃகுப் பிட் நீல நிறம் ஏறினால் அந்த அளவுக்குக் கடினம் போய்விட்டது. அடிக்கடி தண்ணீரில் தொட்டு ஆறவிட வேண்டும். எச்.எஸ்.எஸ். நிறம் மாறினாலும் தாங்கும். ஆனால் மிகச் சூடான நிலையில் தண்ணீரில் முக்கினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். இலேசாகத் தேய்த்துக் காற்றிலேயே ஆறவிடுங்கள். எந்த எஃகு என்று தெரியவில்லையா? கிரைண்டரில் தொட்டுப் பொறியைப் பாருங்கள். கார்பன் எஃகு மத்தாப்புப் போல வெண்மையாகச் சிதறும், எச்.எஸ்.எஸ். மங்கிய சிவப்பாகச் சிதறாமல் வரும்.

பிட் தேய்ந்து குட்டையாக ஆக அதன் நடுப்பகுதி தடிப்பாகும், உளிக்கோடு நீளும். அந்தக் கோடு வெட்டுவதில்லை, உலோகத்தை நசுக்குகிறது. கீழ்நோக்கிக் கொடுக்கும் பலத்தில் பெரும்பங்கை அதுவே விழுங்கும். கோட்டைக் குறுக்குவதற்குச் சில இயந்திரங்களில் இன்னொரு துவாரம் உண்டு. இல்லையென்றால் முதலில் சிறிய பிட்டால் வழித்துளை போட்டுப் பிறகு பெரியதை இறக்குங்கள்.

சோதனை

ஐந்து மி.மீ. இரும்புப் பட்டைத் துண்டு ஒன்றை வைஸில் இறுக்கிச் சென்டர் பஞ்ச் அடித்துத் துளை போடுங்கள். இரண்டு பள்ளத்திலும் ஒன்றுபோல் சுருள் வர வேண்டும். பிறகு பிட்டைத் திருப்பி அதன் தண்டைத் துளையில் விடுங்கள். ஆடாமல் நுழைந்தால் விளிம்புகள் சமம். தளர்ந்து ஆடினால் சமமில்லை. இதைவிட நேர்மையான பரீட்சை வேறில்லை.

3 மி.மீ.க்கும் சிறிய பிட்டுகள், தண்டு வளைந்தவை, உடம்பில் வெடிப்புக் கண்டவை இவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். தங்க நிறப் பூச்சுள்ள பிட்டைத் தாராளமாகச் சாணை பிடிக்கலாம். நுனிப் பூச்சு போனாலும் பள்ளத்தில் இருப்பது தொடர்ந்து உதவும்.

எச்சரிக்கை

கண்ணாடி அணியாமல் எந்தச் சாணை இயந்திரத்தையும் ஓட்டாதீர்கள். மூக்குக்கண்ணாடி போதாது, பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஆறு அங்குலக் கல் உள்ள பெஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு சுமார் 2,900 சுற்று ஓடும். அதன் விளிம்பிலிருந்து கிளம்பும் துகள் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கையுறை, துண்டு, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் அருகில் வேண்டாம். சுழலும் கல் இழுத்துக்கொள்ளும். கைத்தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. புதுக் கல்லைப் பொருத்துமுன் மரப்பிடியால் தட்டிப் பாருங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. சொத்தென்று கேட்டால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, பயன்படுத்தாதீர்கள். இயந்திரத்தை ஓடவிட்ட முதல் நிமிடம் கல்லுக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். அந்தக் கல்லில் அலுமினியத்தையோ பித்தளையையோ தேய்க்காதீர்கள்; துளைகள் அடைத்துக் கல் சூடேறும். ஃப்ளாட்டில் இருப்பவர்கள் பால்கனியில் செய்தாலும் முகமூடி அணிந்து, வேலை முடிந்ததும் பொடியை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். குழந்தைகள் தவழும் தரையில் அது கிடக்கக் கூடாது.

ஐ.டி.ஐ. ஃபிட்டர் வகுப்பில் இன்றும் கற்பிக்கப்படும் பாடம்தான் இது. வீட்டு இயந்திரத்தோடு அதைப் பொருத்திச் சொன்னேன். ஒரு பிட்டை ஒருமுறை சாணை பிடித்தால் அரை மில்லிமீட்டர்தான் குறையும். பள்ளம் உள்ள நீளம் எவ்வளவு என்று அளந்து பார்த்தால், அதற்குள் இன்னும் எத்தனை முறை இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஐயம் உள்ள அன்பர்கள் தங்கள் மொட்டை பிட்டுகளோடு நம் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். நானும் இயந்திரத்தைக் கொண்டுவருகிறேன். பாதுகாப்புக் கண்ணாடியை மட்டும் ஆளுக்கொன்று எடுத்துவாருங்கள்.